விளக்கு வைத்த எஸ்எஸ்டி சென்னை வெயிலைத் தாங்குமா? சோதித்துப் பார்த்த பதிவு

கண்ணாடிக் கதவு வைத்த கேபினட் புழக்கத்துக்கு வந்ததிலிருந்து டெஸ்க்டாப்புக்குள் விளக்கு இல்லாத பாகமே இல்லை என்றாகிவிட்டது. முதலில் ஃபேன், அப்புறம் கூலர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, கடைசியாக, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி. ரேமில் விளக்கு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது அவ்வளவாகச் சுடாது, சுற்றிலும் காற்று வேறு இருக்கிறது. மதர்போர்டில் நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டியின் சமாச்சாரம் வேறு. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அந்தத் துண்டுப் பலகைக்குள் வேலையை நடத்தும் கன்ட்ரோலரும் தரவு தங்கும் ஃபிளாஷ் சிப்புகளும் தற்காலிக நினைவகமான டிரேமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, தொடர்ந்து எழுத ஆரம்பித்தால் ஐந்தாறு வாட் இழுக்கும், அந்தச் சூடு வெளியேற இருக்கும் பெரிய வழி மேல்பக்கம்தான், அந்த மேல்பக்கத்தில் கொண்டுபோய் எல்இடி வரிசையையும் பால் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியையும் வைக்கிறார்கள். இது சரிப்பட்டு வருமா என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

சோதித்துப் பார்க்கக் காரணமாக இருந்தவன் என் அக்கா மகன். விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான், வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு டெஸ்க்டாப் வேண்டும், அசெம்பிள் பண்ணும் பொறுப்பு மாமா தலையில். பாகங்களை எல்லாம் என் விருப்பத்துக்கு விட்டுவிட்டு ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றான். "மாமா, எஸ்எஸ்டி மட்டும் லைட் வச்சதா வாங்கிக்கலாம் மாமா, மத்ததெல்லாம் நீங்க சொல்றதுதான்" என்றான். "காசுக்கு 2 டிபி சாதாரண டிரைவே வந்துரும்டா" என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. (2 டிபி வந்துவிடும் என்பது கொஞ்சம் மிகைதான், ஆனால் விலை வித்தியாசம் கையைக் கடிக்கும் அளவுக்கு இருந்தது.) சரி, வாங்குவது என்று ஆனபிறகு அதை விண்டோஸ் போடுவதற்கு முன்பே ஒரு கை பார்த்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

ரிச்சி தெருவில் வாங்கியது, 1 டிபி, பிசிஐஇ 3.0 (போர்டோடு தரவு போய்வரும் பாதையின் தலைமுறை), டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) ஃபிளாஷ், டிரேம் உள்ளது. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, கீழே சொல்லியிருக்கும் குறைகள் அநேகமாக இந்த வகை டிரைவ்கள் எல்லாவற்றுக்குமே பொருந்தும். மற்றபடி ரைசன் 5 5600 பிராசசர், பி550 சிப்செட் (பிராசசருக்குத் துணையான சிப்) வைத்த முழு அளவு ஏடிஎக்ஸ் மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, முன்பக்கம் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று. அறையில் ஏசி கிடையாது, சீலிங் ஃபேன்தான். கத்திரி வெயில் நேரம், மேஜைமேல் வைத்த தெர்மாமீட்டர் 33 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப எண்கள் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று டிகிரி அறையில் எடுத்தவை, நம் ஊர் மே மாதத்துக்கு அதில் பத்து டிகிரியைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

விளக்கு எஸ்எஸ்டியின் பூர்வீகம் கொஞ்சம். முதலில் வந்தவை 2.5 அங்குல சாட்டா டிரைவ்கள் (கேபிளில் மாட்டும் பழைய வகை), 2018 வாக்கில் சில கம்பெனிகள் விட்டன. சாட்டா வழியே எப்படியும் நொடிக்கு 550 எம்பிக்கு மேல் போகாது, அதனால் வேகத்தில் வித்தியாசம் காட்ட முடியாது, விளக்கில் காட்டினார்கள். அவற்றில் ஒன்றைப் பரிசோதித்த வெளிநாட்டு விமர்சகர்கள், எல்இடிகளின் சூட்டாலேயே டிரைவ் 70 டிகிரியைத் தொட்டு வேகம் விழுவதைக் கண்டு எழுதினார்கள். 70 டிகிரி என்பது சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகளுக்குக் கம்பெனிகளே போட்டிருக்கும் உச்ச வரம்பு. இன்னொரு தலைவலி, அந்த டிரைவ்களின் விளக்குக்குத் தனி ஒயர் வேண்டும். சிலது 12 வோல்ட் நாலு பின், சிலது 5 வோல்ட் மூன்று பின். 5 வோல்ட் எல்இடியைக் கொண்டுபோய் 12 வோல்ட் ஹெடரில் (போர்டில் ஒயர் மாட்டும் பின் வரிசை) மாட்டினால் அத்தோடு விளக்கின் கதை முடிந்தது. பழைய சரக்கு இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது, மலிவாகத் தருகிறேன் என்பார்கள், மாட்டும் முன் போர்டில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் இப்போதைய கேபினட்களில் 2.5 அங்குல டிரைவ் மாட்டும் இடம் அநேகமாகப் போர்டுக்குப் பின்னால், விளக்கு எரிந்தாலும் சுவருக்குத்தான் தெரியும்.

எம்.2 வடிவத்தில் இந்த ஒயர் தொல்லை இல்லை, ஸ்லாட்டில் வரும் 3.3 வோல்ட்டிலிருந்தே விளக்கும் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எம்.2 ஸ்லாட்டில் விளக்கைக் கட்டுப்படுத்துவதற்கென்று தனியாக எந்தப் பின்னும் கிடையாது. அதனால் ஆளுக்கு ஒரு வழி. சிலர் என்விஎம்இ (இந்த டிரைவ்களோடு கம்ப்யூட்டர் பேசும் மொழி) கட்டளைகளுக்குள்ளேயே தங்கள் சொந்தக் கட்டளையை நுழைத்து அனுப்புகிறார்கள், சிலர் ஸ்லாட்டில் இருக்கும் எஸ்எம்பஸ் என்ற சின்னத் தகவல் பாதையின் பின்களைப் பயன்படுத்துகிறார்கள், இந்த இரண்டாம் வகை எல்லா போர்டிலும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஏடாட்டாவின் ஸ்பெக்ட்ரிக்ஸ் எஸ்40ஜி மாதிரி விளக்கையே விளம்பரமாக வைத்து வந்தவையும் உண்டு, சாம்சங் 990 ப்ரோவின் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு) மாடலில் இருப்பது போல ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் எரியவிடுபவையும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பின்னதில் ஹீட்சிங்க் நிஜமாகவே ஹீட்சிங்க், விளக்கு சும்மா பொட்டு வைத்த மாதிரி. நான் வாங்கியது முதல் வகை, மேல்பக்கத்தில் முக்கால்வாசி பிளாஸ்டிக்.

மாட்டும்போதே முதல் உறுத்தல் வந்துவிட்டது. இந்த போர்டின் மேல் எம்.2 ஸ்லாட்டுக்குக் கம்பெனியே நல்ல கனமான அலுமினிய ஹீட்சிங்க் கொடுத்திருக்கிறது, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் விளக்கு டிரைவை மாட்ட முடியும், ஏனென்றால் அதற்கு ஏற்கனவே தலையில் தகடு ஒட்டியிருக்கிறது. நல்ல ஹீட்சிங்க்கை எடுத்துவிட்டு மெல்லிய தகட்டை வைக்கிறோம், அதற்குக் கூடுதல் காசும் கொடுக்கிறோம். டிரைவின் தகட்டைப் பிரித்து உள்ளே தெர்மல் பேட் (சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் மெத்தை) எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைதான், ஆனால் பிரித்தால் வாரண்டி ஸ்டிக்கர் கிழியும், பையனின் டிரைவ், தொடவில்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததில் அடுக்கு தெரிந்தது: கீழே சிப்புகள், அதன்மேல் மெல்லிய பேட், அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கலாம் அலுமினியத் தகடு, அதன்மேல் எல்இடி பட்டை, அதன்மேல் பிளாஸ்டிக். தகட்டின் இரண்டு ஓரங்கள்தான் காற்றைப் பார்க்கின்றன.

சோதனைக்கு ஒரு பழைய 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு, புது டிரைவை வெறுமையாக விட்டுவிட்டேன். வெப்பத்தைப் பதிவுசெய்ய எச்டபிள்யூஇன்ஃபோ, எழுதும் சோதனைக்கு ஃபியோ. வேகம் அளக்கும் கிரிஸ்டல் டிஸ்க்மார்க்கும் ஓட்டினேன், பெட்டியில் போட்டிருந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்தது, படிப்பதில் நொடிக்கு 3400 எம்பியைத் தாண்டியது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது எழுதுவது ஒரு ஜிபி கோப்பு, சில நொடி வேலை, டிரைவுக்கு வியர்ப்பதற்குள் சோதனை முடிந்துவிடும். விளக்கு டிரைவ் விமர்சனம் என்று காணொளிகளில் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். எடிட்டிங் பண்ணுகிறவன் கேமரா கார்டிலிருந்தும் போர்ட்டபிள் டிரைவிலிருந்தும் நூற்றுக்கணக்கான ஜிபி கொட்டுவான், அப்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அதனால் விடாமல் 400 ஜிபி எழுத வைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், இல்லையென்றால் பழி விளக்கின்மேல் வந்து விழும். டிஎல்சி டிரைவ்கள் காலி இடத்தில் ஒரு பகுதியை எஸ்எல்சி போல, அதாவது செல்லுக்கு மூன்று பிட்டுக்குப் பதில் ஒரே பிட் என்று வேகமாக எழுதிக்கொள்கின்றன. அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் தடாலென்று விழும். இந்த டிரைவில் நூறு ஜிபியை ஒட்டி அது நடந்தது, நொடிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் எம்பியிலிருந்து 800க்கு இறங்கி அங்கேயே நின்றது. இது சூட்டால் அல்ல. எப்படித் தெரியும் என்றால், கேபினட் கதவைத் திறந்து டேபிள் ஃபேனை நேராக வைத்து ஓட்டினாலும் அதே நூறு ஜிபியில்தான் விழுந்தது. சூட்டால் விழுவது வேறு மாதிரி இருக்கும். வரைபடத்தில் ரம்பப் பல் போல ஏறி இறங்கும், சூடு ஏறினால் வேகம் குறையும், குறைந்ததும் ஆறும், ஆறியதும் திரும்ப ஏறும். கோடு எத்தனையாவது ஜிபியில் விழுகிறது என்று பார்க்காமல் எத்தனை டிகிரியில் விழுகிறது என்று பார்த்தால் குழப்பம் இருக்காது.

இனி எண்களுக்கு வருகிறேன். மேல் ஸ்லாட், அதாவது பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் இருப்பது. விளக்கு முழுக்க அணைத்த நிலையில் சும்மா இருக்கும்போது 47 டிகிரி, 400 ஜிபி எழுதி முடிக்கும்போது 69. விளக்கை முழு வெள்ளையில் எரியவிட்டால் 52, எழுதும்போது 74. வானவில் ஓட்டம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. வெள்ளை ஏன் மோசம் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று டயோடும் ஒன்றாக எரிந்தால்தான் வெள்ளை வரும். ஒரே நிறம், அதிலும் பாதி வெளிச்சத்தில் வைத்தால் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான்.

விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் 5 வோல்ட் ஸ்டிரிப்பில் (ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம் கொடுக்கக்கூடிய வகை) ஒவ்வொரு எல்இடியும் முழு வெள்ளையில் 60 மில்லிஆம்ப் வரை எடுக்கும், அதாவது 0.3 வாட். எட்டு எல்இடி என்றால் 2.4 வாட். எஸ்எஸ்டியில் இவ்வளவு பிரகாசமாக எரியவிட மாட்டார்கள், சுவர் பிளக்கில் வாட் மீட்டர் வைத்து விளக்கை அணைத்தும் போட்டும் பார்த்ததில் ஒன்றரை வாட்டுக்குப் பக்கத்தில் வித்தியாசம் காட்டியது. மீட்டரின் துல்லியம் அப்படியொன்றும் பிரமாதமில்லை, எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) வீணாவதும் அதில் சேர்த்திதான், இருந்தாலும் ஒரு வாட்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். வேலையில்லாமல் இருக்கும் எஸ்எஸ்டி இழுப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது நாள் முழுக்க டிரைவ் செய்யும் வேலையைவிட அதன் விளக்கு செய்யும் வேலை அதிகம்!

ஐந்து டிகிரி பெரிய விஷயமா? தனியாகப் பார்த்தால் இல்லை. ஆனால் எடிட்டிங் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி மட்டும் தனியாக வேலை செய்யாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் முழு வேலை கொடுத்தபடி அதே 400 ஜிபியை எழுத வைத்தேன். ஆர்டிஎக்ஸ் 3060 என்பது 170 வாட் கார்டு, அதன் முதுகுத் தகட்டிலிருந்து எழும் சூடு நேராக மேல் ஸ்லாட்டுக்குத்தான் போகிறது. விளக்கு அணைந்திருந்தபோது 75. விளக்கு வெள்ளையில் 79, 80, அங்கே ரம்பப் பல் ஆரம்பித்துவிட்டது, 800 எம்பி வேகம் முந்நூறுக்கும் எண்ணூறுக்கும் இடையில் ஆடியது. இந்த டிரைவ் தன் எச்சரிக்கை வரம்பாகச் சொல்வது 75, ஆபத்து வரம்பு 80. இப்படி வரம்புகள் அநேகமாக எல்லா என்விஎம்இ டிரைவிலும் எழுதியிருக்கும், ஸ்மார்ட் தகவலை, அதாவது டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை, படிக்கும் மென்பொருளில் பார்க்கலாம். அதே இடத்தில் எச்சரிக்கை வரம்புக்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தது என்ற கணக்கும் கிடைக்கும். விளக்கு டிரைவை வைத்திருப்பவர்கள் வேறெதையும் பார்க்காவிட்டாலும் அந்த ஒரு எண்ணை அவ்வப்போது பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் கவலையே வேண்டாம், விளக்கு எரியட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க என் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து விளக்கில்லாத 1 டிபி டிரைவ் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து அதே மேல் ஸ்லாட்டில் போர்டின் கனமான ஹீட்சிங்க்கோடு மாட்டினேன். அதுவும் பிசிஐஇ 3.0 தான், கன்ட்ரோலர் வேறு, அதனால் இது சுத்தமான ஒப்பீடு என்று சொல்ல மாட்டேன். அதே எழுத்து வேலைக்கு 63. விளக்கை அணைத்த நிலையிலேயே விளக்கு டிரைவ் 69 என்றால் அந்த ஆறு டிகிரி எங்கிருந்து வந்தது? தகட்டின் மேல் வெப்பத்தை அளந்து பார்த்தேன். இன்ஃப்ராரெட் துப்பாக்கியை வெறும் அலுமினியத்தின்மேல் காட்டினால் தப்பான எண்தான் வரும், பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக அதிகம் விடாது, எதிரில் இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். ஒரு சின்ன கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். உள்ளே சென்சார் 74 காட்டும்போது தகட்டின் ஓரம் 55தான். கிட்டத்தட்ட இருபது டிகிரி இடைவெளி. அதாவது சூடு தகட்டுக்கே ஒழுங்காக வந்து சேரவில்லை, பேட் சரியாக அழுந்தவில்லை அல்லது தரம் போதவில்லை. விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன், உண்மையான குற்றவாளி விளக்குக்கு இடம்விடுவதற்காக ஒல்லியாக்கிய தகடும் அதன் கீழிருக்கும் பேட்டும். விளக்கு கூட்டாளி மட்டும்.

இடத்தை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இந்த போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே இருக்கிறது. பி550-ல் இந்த ஸ்லாட் சிப்செட் வழியாகப் போகும் பிசிஐஇ 3.0, மேல் ஸ்லாட் பிராசசரிலிருந்து நேரே வரும் 4.0. டிரைவே 3.0 என்பதால் வேகத்தில் இழப்பு ஒன்றும் இல்லை, கொஞ்சம் தாமதம் கூடலாம், எடிட்டிங்கில் தெரியாது. சாட்டா, யுஎஸ்பி எல்லாம் அதே சிப்செட் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கீழ் ஸ்லாட்டில் சும்மா இருக்கும்போது 43, எழுதும்போது 62, கிராஃபிக்ஸ் கார்டும் வேலை செய்தால் 66, அதோடு விளக்கு முழு வெள்ளையில் எரிந்தால் 71. எச்சரிக்கை வரம்பைத் தொடவே இல்லை. காரணம் எளிது, கார்டின் ஃபேன்கள் கீழிருந்துதான் காற்றை இழுக்கின்றன, முன்பக்கக் கீழ் ஃபேனிலிருந்து வரும் புதுக் காற்று டிரைவைத் தடவிக்கொண்டுதான் கார்டுக்குப் போகிறது. விளக்கை அணைத்துக் கிடைப்பது ஐந்து டிகிரி, இடம் மாற்றிக் கிடைப்பது ஏழிலிருந்து ஒன்பது.

இதில் வேடிக்கை என்னவென்றால் விளக்கு கண்ணில் படுவதும் கீழ் ஸ்லாட்டில்தான். மேலே இருந்தபோது ஒரு பக்கம் டவர் கூலர், இன்னொரு பக்கம் கார்டின் முதுகு, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஓர் இடுக்கில் ஒளி கசிந்தது, அவ்வளவுதான். கீழே மாட்டியதும் கண்ணாடி வழியே முழுசாகத் தெரிந்தது. கேபினட்டை மேஜைமேல் வைத்தால்தான் இது சரி, தரையில் வைத்து மேலிருந்து பார்த்தால் கார்டு மறைத்துவிடும். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டு வைத்திருப்பவர்கள் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட் கார்டுக்கு நேர் அடியில் மாட்டிக்கொள்ளும், தடிமனான தலையோடு டிரைவ் அங்கே நுழையுமா என்பதே சந்தேகம். வாங்கும் முன் டிரைவின் உயரத்தைப் பாருங்கள், எட்டு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் அந்த இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வெப்பத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதால் யாரும் பயந்துவிட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்டி 50 டிகிரியில் இருந்தால் ஃபிளாஷ் கெட்டுப்போகாது, எழுதும் நேரத்தில் ஓரளவு வெதுவெதுப்பு அதற்கு நல்லது என்றுகூடச் சொல்வார்கள். தரவு கரைவது மின்சாரம் இல்லாமல் சூடான இடத்தில் கிடக்கும்போதுதான். சிப் தொழிலுக்கான விதிகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரம் வீட்டு உபயோக டிரைவுக்குக் கேட்பது, அதன் எழுதும் ஆயுள் முழுக்க முடிந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவு நிற்க வேண்டும் என்பது. சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையின் பீரோவுக்குள் மே மாதம் எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேய்ந்த எஸ்எஸ்டியில் கல்யாண வீடியோவைப் போட்டுப் பூட்டி வைத்திருப்பவர்கள் விளக்கு டிரைவ்காரர்களைவிட அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள்.

அடுத்தது மென்பொருள். எனக்கு எரிச்சல் வந்த இடம் இதுதான். கம்பெனியின் விளக்கு மென்பொருளைப் போட்டதும் கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஒரு சர்வீஸ், ஒரு பின்னணிச் செயலி, மூலையில் ஒரு ஐகான் என்று குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது. போர்டு கம்பெனியின் விளக்கு மென்பொருள் ஏற்கனவே ரேமுக்கும் ஃபேனுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே டிரைவைப் பிடித்துக்கொண்டு சண்டை, இது நீலம் என்றால் அது வானவில் என்றது. ஒன்றை நிறுத்தியபிறகுதான் அமைதி. அதைவிட முக்கியமான விஷயம், மாறிக்கொண்டே இருக்கும் விளக்கு ஜாலங்களை மென்பொருள் வழியாக ஓட்டினால் அது டிரைவுக்கு ஓயாமல் கட்டளை அனுப்புகிறது. என்விஎம்இ டிரைவ் வேலை இல்லாதபோது குறைந்த மின்சார நிலைக்குப் போய்த் தூங்கும். யாராவது தட்டிக்கொண்டே இருந்தால் எப்படித் தூங்குவது? மென்பொருள் ஓடும்போது சும்மா இருக்கும் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே நின்றது, விளக்கின் நிறம், வெளிச்சம் இரண்டையும் மாற்றாமலேயே. ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டு மென்பொருளை அடியோடு நீக்கினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டபோதும் தூங்கவைத்து எழுப்பியபோதும் நிறம் அப்படியே இருந்தது. எல்லா டிரைவும் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம், சிலது மென்பொருள் இல்லாவிட்டால் வானவில்லுக்குத் திரும்பிவிடும், வாங்கும் முன் விசாரிக்க வேண்டிய கேள்வி இது.

கம்பெனி மென்பொருள் பிடிக்காதவர்களுக்கு ஓப்பன்ஆர்ஜிபி இருக்கிறது, கட்டற்ற மென்பொருள், ஸ்பெக்ட்ரிக்ஸ் எஸ்40ஜி மாதிரி சில எஸ்எஸ்டிகளின் விளக்கையும் அது கையாளும், உங்கள் டிரைவ் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் டைனமிக் லைட்டிங் என்று ஒன்று வந்திருக்கிறதே என்று பையன் கேட்டான். அது கீபோர்டு, மவுஸ் போன்ற அந்தத் தரத்துக்கு ஒத்துவரும் சாதனங்களுக்கானது, இந்த டிரைவை அது கண்டுகொள்ளவே இல்லை. பொதுவாகவே விளக்கு, ஃபேன் மென்பொருள்கள் போர்டின் ஆழம் வரை கைவைக்கும் டிரைவர்களோடு வருகின்றன. பலவற்றிலும் பொதுவாக இருந்த வின்ரிங்0 என்ற டிரைவரில் ஓட்டை இருப்பதாகச் சொல்லி 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடித்து அடைக்க ஆரம்பித்தது, பலருக்கு ஃபேன் கட்டுப்பாடே நின்றுபோனது. நிறம் மாற்ற மட்டும் போட்டு, மாற்றியதும் எடுத்துவிடுவது என்ற பழக்கம் எல்லா வகையிலும் நல்லது.

இரவில் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன், அவன் தூங்குவதும் அதே அறையில்தான். கம்ப்யூட்டரை அணைத்ததும் எம்.2 ஸ்லாட்டின் 3.3 வோல்ட் போய்விடும், எஸ்எஸ்டி விளக்கும் அணைந்துவிடும். அணையாமல் எரிந்துகொண்டிருந்தது ஃபேன் விளக்கு, போர்டின் காத்திருப்பு 5 வோல்ட்டிலிருந்து. பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) இஆர்பி என்ற மின்சேமிப்பு அமைப்பை இயக்கியதும் அதுவும் அடங்கியது. அக்கா ஒரு வழியாக நிம்மதியானாள். "ராத்திரி பூரா திருவிழா மாதிரி இருந்துச்சுடா" என்றாள்.

அவன் கம்ப்யூட்டரில் டிரைவ் கடைசியாக நிற்பது கீழ் ஸ்லாட்டில், விளக்கு ஒரே நிறத்தில், மென்பொருள் சொன்ன அளவில் நாற்பது சதவீத வெளிச்சம், முன்பக்கக் கீழ் ஃபேன் குறைந்தபட்ச வேகத்திலிருந்து கொஞ்சம் ஏற்றிவிட்டது. எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளை அந்தப் பழைய சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன், விளக்குக்காக அல்ல, எழுத்துச் சுமை பிரியட்டும் என்று. இப்படி வைத்ததில் நிஜமான ஒரு புராஜெக்டை ஏற்றுமதி செய்தபோது டிரைவ் 60ஐத் தாண்டவில்லை, எச்சரிக்கை நிமிடங்கள் நான் சோதனையில் ஏற்றிவைத்த கணக்கோடு நின்றிருக்கின்றன.

எனக்காக வாங்கியிருந்தால் இதை வாங்கியிருக்க மாட்டேன். விளக்கு இல்லாத நல்ல டிரைவை போர்டின் ஹீட்சிங்க்குக்குக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சம் வேண்டுமென்றால் 5 வோல்ட் ஹெடரில் ஒரு ஸ்டிரிப்பை கேபினட்டின் மேல் ஓரத்தில் ஒட்டியிருப்பேன். அதன் சூடு யாரையும் சுடாது, பிடிக்காவிட்டால் பிய்த்துப் போடலாம், டிரைவ் மாற்றும்போது விளக்கையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிசிஐஇ 4.0, 5.0 டிரைவ்களில் விளக்கு மூடியைத் தேடுபவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அவை சும்மாவே இதைவிட அதிகம் சுடும், அங்கே விளக்கைவிட அதன் கீழிருக்கும் உலோகத்தின் எடையைப் பார்த்து வாங்குவது உத்தமம். ஆனால் கீழ் ஸ்லாட் காலியாக இருந்து, பையனும் ஆசைப்பட்டால், வேண்டாம் என்று அடம்பிடிக்கும் அளவுக்கு இதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

வாங்குபவர்கள் ஒன்று செய்யுங்கள். இந்த டிரைவ்களில் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும், மாட்டியபிறகு கண்ணுக்குத் தெரியாது, மேல்தகட்டைப் பிரித்தால் வாரண்டியும் போகும். மாட்டும் முன்பே அடிப்பக்கத்தையும் பில்லையும் சேர்த்து மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். அப்படியே விளக்கு எரியாமல் போனால் வாரண்டியில் மாற்றித் தருவார்களா, அல்லது தரவு படிக்க முடிந்தால் டிரைவ் நல்லா இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்களா என்று கடையில் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "லைட்டுக்கெல்லாம் கம்பெனிகிட்ட கேட்டுத்தான் சார் சொல்லணும்" என்றார்.